சூளையில் பூத்த பவளம்

சுவரில் ஒரு கடல் தொங்குகிறது.

மூளையைப் போல் மடிப்பு மடிப்பாகச் சில பவளங்கள். மான் கொம்பைப் போல் கிளை பிரிந்தவை சில. விசிறி போலவும், காளான் போலவும், கைவிரல் போலவும் இன்னும் எத்தனையோ. நடுவிலே சிவப்பும் மஞ்சளும் ஊதாவும் பச்சையும் கண்ணைப் பறிக்கின்றன. ஓரத்தை நோக்கிப் போகப் போக வர்ணம் வெளுக்கிறது. கடைசியில் எலும்பின் வெள்ளைதான் மிஞ்சுகிறது. அவ்வளவும் மண்! கையால் பிசைந்து, உருட்டி, ஒவ்வொன்றாகத் துளையிட்டு, சூளையில் சுட்டு எடுத்த மண்.

இதைச் செய்தவர் கோர்ட்னி மாட்டிசன் என்ற அமெரிக்கப் பெண்மணி. கல்லூரியில் கடல் வாழ் உயிர்களைப் பற்றிய படிப்பையும் மண் சிற்பத்தையும் சேர்த்தே பயின்றவர். 'மாறிவரும் நமது கடல்கள்' என்ற தலைப்பில் 2011 முதல் வரிசையாகச் சிற்பங்கள் செய்து வருகிறார். முதல் சிற்பம் வாஷிங்டனில் அமெரிக்க வர்த்தக இலாகாவின் தலைமைக் கட்டடத்தில் வைக்கப்பட்டது. மேலே சொன்னது 2014-இல் செய்தது. சுழன்றடிக்கும் புயலின் வடிவத்தில் அமைந்தது. 2018-இல் ஜகார்த்தாவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்காக ஒரு சுவர் நிறையச் செய்து கொடுத்திருக்கிறார்.

அழகான வேலை என்பதில் சந்தேகமில்லை. பொறுமையான வேலை என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் அழகைப் பார்த்து வியந்துவிட்டு வீடு திரும்புவதோடு விஷயம் முடிந்துவிடுமா? மனிதன் அளவுக்கு மீறிப் பொருள்களைக் குவித்தான். அதனால் இயற்கை அழிகிறது. அதைச் சொல்வதற்கு இன்னும் ஒரு பொருளைச் செய்து குவிப்பது நியாயமா? நெருப்பின் கொடுமையைச் சொல்லச் சூளையை மூட்டலாமா? 'ஊருக்கு உபதேசம்' என்ற பழிச்சொல் இந்தக் கலைக்கு வராதா?

கேட்க வேண்டிய கேள்விதான். கேட்டுவிட்டு, பதிலையும் தேடிப் பார்க்க வேண்டும்.

கடலடியில் நடப்பது என்ன?

பவளம் கல் அல்ல, செடியும் அல்ல. கடுகளவும் மிளகளவுமான பூச்சிகள் லட்சக்கணக்கில் கூடி, கடல் நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துக் கட்டிக்கொள்ளும் வீடு அது. அந்தப் பூச்சியின் உடலுக்குள் ஒரு நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு உணவு சமைத்து, வீட்டுக்காரருக்கும் கொடுத்துத் தானும் உண்ணும் நல்ல குடித்தனக்காரர் அது. பவளத்தின் வர்ணத்துக்கு அந்தப் பாசியே பெரும்பாலும் காரணம்.

கோடைகால உச்ச உஷ்ணத்துக்கு மேல் ஒரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் போதும். பூச்சி தன் குடித்தனக்காரரை வெளியே தள்ளிவிடுகிறது. வர்ணம் போய் வெள்ளை எலும்பு தெரிகிறது. சீக்கிரம் கடல் குளிர்ந்தால் பிழைக்கலாம். குளிராவிட்டால் பட்டினிச் சாவுதான். 1998-இல் முதன் முறையாக உலகம் முழுவதும் இப்படி வெளுத்தது. 2010-இல் மறுபடியும். 2014 முதல் 2017 வரை மூன்றாவது முறை. நான்காவது முறை இது நடந்துகொண்டிருக்கிறது என்று 2024 ஏப்ரலில் நிபுணர்கள் அறிவித்தார்கள். ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற பெரும் பவளத் தொடர் 2016, 2017, 2020, 2022, 2024 என்று மூச்சுவிட நேரமில்லாமல் அடி வாங்கியிருக்கிறது.

இதற்கு மேல் இன்னொரு வினையும் உண்டு. ஆலைகளும் மோட்டார்களும் கக்கும் கரியமில வாயுவில் ஒரு பகுதி கடலில் கரைகிறது. யந்திர யுகம் தொடங்கிய பிறகு கடலின் மேல் நீரில் அமிலத் தன்மை சுமார் 30 சதவிகிதம் கூடிவிட்டது. அமிலம் கூடக்கூடப் பவளம் தன் வீட்டைக் கட்டிக்கொள்வது கஷ்டமாகிறது. கொத்தனார் இருக்கிறார், சுண்ணாம்புதான் கிடைக்கவில்லை என்ற நிலை.

கடலடிப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்தப் பவளத் திட்டுகளை நம்பித்தான் கடல் உயிரினங்களில் சுமார் கால் பங்கு வாழ்கின்றன. அவை போனால் மீன் போகும். மீன் போனால் வலை வீசுகிறவன் வயிறு காயும்.

மண் எதற்கு?

இதைச் சொல்லப் புள்ளி விவரம் போதாதா, சிற்பம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. புள்ளி விவரம் இருபது வருஷங்களுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வருகிறது. கேட்டவர் எத்தனை பேர்? காடு அழிந்தால் மொட்டை மலை கண்ணில் படும். ஆறு வற்றினால் மணல் தெரியும். கடலுக்குள் நடக்கிற சாவைப் பார்க்க யாரால் முடியும்? எல்லோரையும் கடலுக்குள் இறக்கிக் காட்டலாம் என்றால், அந்தக் கூட்டத்தின் காலடியிலேயே மிச்சப் பவளமும் நொறுங்கிவிடும். ஆகவே கடலைக் கரைக்குக் கொண்டு வர வேண்டியிருக்கிறது.

அதற்கு மண்ணைவிடப் பொருத்தமான சாதனம் கிடையாது. களிமண்ணில் ஒரு குச்சியை வைத்துத் துளை மேல் துளையாகப் போட்டுக்கொண்டு மாட்டிசன் உட்கார்ந்திருக்கும்போது, பவளப் பூச்சி செய்யும் வேலையைத்தான் அவரும் செய்கிறார். ஒவ்வொரு கண்ணாக, ஒவ்வொரு அறையாகக் கட்டுகிறார். பீங்கானுக்குப் பூசும் மெருகுகள் பலவற்றில் சுண்ணாம்புச் சத்து சேருகிறது. பவளத்தின் உடம்பும் அதே சத்துதான். பவளத்தைப் போலவே சுட்ட மண்ணும் கை தவறினால் உடைந்து போகும், உடைந்தது ஒட்டாது. சொல்ல வந்த சங்கதியும் சொல்லும் பொருளும் இவ்வளவு ஒத்துப் போவது கலையில் அபூர்வம்.

பிளாஸ்டிக்கில் இதே உருவத்தை வார்த்து வைத்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தாலும் சிரித்திருப்பார்கள்.

சூளையின் கணக்கு

இனி மறுபக்கம். களிமண் பச்சையாக இருக்கும்வரை பூமியின் சொத்து. காய்ந்து போனாலும் தண்ணீரை ஊற்றினால் மறுபடி களிமண்தான். சூளையில் சுமார் 600 டிகிரி உஷ்ணத்தைத் தாண்டிவிட்டால் அதனுள் கட்டுண்டு கிடந்த நீர் பிரிந்து ஓடிவிடுகிறது. அதன் பிறகு அது மண்ணாகத் திரும்பாது. பீங்கானும் கல்மண் பாண்டமும் 1,200 முதல் 1,300 டிகிரி வரை கேட்கும். அந்த உஷ்ணத்துக்கு விறகோ, எரிவாயுவோ, மின்சாரமோ வேண்டும். எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.

உடைந்தால் மக்கிப் போகும் என்று எண்ணுவதும் தவறு. ரோமாபுரியில் டெஸ்டாச்சோ என்றொரு குன்று இருக்கிறது. உயரம் சுமார் 35 மீட்டர். மேலே புல்லும் மரமும் முளைத்திருக்கின்றன. அது மலையல்ல, உடைந்த ஜாடிகளின் குவியல்! கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ரோமுக்கு ஒலிவ எண்ணெய் வந்த ஜாடிகள் அவை. எண்ணெய் ஊறி நாறிய ஜாடியை மறுபடி உபயோகிக்க முடியவில்லை. உடைத்து அடுக்கி, நாற்றம் அடங்கச் சுண்ணாம்பைத் தூவினார்கள். ஐந்து கோடிக்கும் அதிகமான ஜாடிகள் அங்கே கிடக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பீடு. சாம்ராஜ்யம் போயிற்று, எண்ணெய் போயிற்று, ஓடு மட்டும் இருக்கிறது. ஒரு தடவை உபயோகித்து எறியும் பழக்கம் நேற்று வந்ததல்ல.

செங்கல் சூளைக்கும் ஓட்டுத் தொழிற்சாலைக்கும் முன்னால் ஒரு சிற்பியின் சூளை அகல் விளக்குதான். அதை அணைத்துவிட்டால் உலகம் பிழைத்துவிடாது. ஆனால் பிறரைப் பார்த்து, 'குறைத்துக்கொள்' என்று சொல்ல வருகிறவரிடம் ஜனங்கள் முதலில் அவர் அடுப்பைத்தான் பார்ப்பார்கள். பார்க்கவும் வேண்டும்.

பத்துக் கோடி விதைகள்

இந்தச் சங்கடத்தை நேருக்கு நேர் சந்தித்தவர் சீனக் கலைஞர் ஐ வெய்வெய். 2010 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பெரிய மண்டபத்தில் பத்துக் கோடி சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். ஒவ்வொன்றும் பீங்கான். ஒவ்வொன்றும் கையால் வர்ணம் தீட்டியது. பீங்கான் தொழிலுக்குப் பேர்போன சிங்தேஜென் நகரில் சுமார் 1,600 பேர் இரண்டரை வருஷம் உழைத்தார்கள். மொத்த எடை 150 டன்.

'சீனாவில் செய்தது' என்ற முத்திரையோடு உலகக் கடைகளில் மலையாய்க் குவியும் சாமான்களுக்குப் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன என்பதை அந்த விதைகள் சொல்லாமல் சொல்லின. கும்பலாகப் பார்த்தால் சரளைக் கல். ஒன்றைக் கையில் எடுத்தால் ஒரு மனிதரின் தூரிகைக் கோடு. அருமையான யோசனை!

நடந்தது என்ன? ஜனங்கள் அதன் மேல் நடந்து பார்க்கலாம் என்று விட்டார்கள். பீங்கான் தூசு கிளம்பிற்று. மூச்சுக்குக் கேடு என்று சில நாட்களில் தடுத்துவிட்டார்கள். மறு வருஷம் பிப்ரவரியில் லண்டன் ஏல மண்டபம் ஒன்றில் 100 கிலோ விதை சுமார் மூன்றரை லட்சம் பவுனுக்குப் போயிற்று. பண்டங்களின் பெருக்கத்தைக் கேள்வி கேட்க வந்த விதை, தானே விலையுயர்ந்த பண்டமாகிவிட்டது! கலைஞர் மீது குற்றமில்லை. சந்தைக்கு வாய் பெரியது. தன்னைத் திட்டுகிறவரையும் விழுங்கி ஏப்பம் விட்டுவிடும்.

நாலாயிரம் பறவைகள்

கிளேர் டூமி என்ற ஆங்கிலப் பெண்மணி இதைவிடத் தந்திரமாக வேலை செய்தார். 2006-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில், பிரம்மாண்டமான சிலைகளின் பிரதிகள் நிற்கும் கூடத்தில், நீல நிற மண்ணால் செய்த நாலாயிரம் சின்னஞ்சிறு பறவைகளை உட்கார வைத்தார். தரையில், சிலையின் காலடியில், தூணின் இடுக்கில், எங்கு பார்த்தாலும் குருவிகள். வந்தவர்கள் விரும்பினால் ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம்.

சில மணி நேரத்தில் கூடம் காலி.

திருடவில்லை, கொள்ளையடிக்கவில்லை. எல்லோரும் ஆளுக்கு ஒன்றுதான் என்று எண்ணி, ஆசையோடு, அன்போடு எடுத்தார்கள். ஆனாலும் கடைசியில் ஒரு குருவி மிச்சமில்லை. காடும் கடலும் இப்படித்தான் காலியாயின. கொடியவர்கள் மட்டும் அழித்து முடித்த சொத்தல்ல அது. நல்லவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து முடித்தது. இதைப் புத்தகத்தில் படித்தால் புத்திக்கு எட்டும். கையில் ஒரு மண் குருவியை வைத்துக்கொண்டு, வெறிச்சோடிய கூடத்தைத் திரும்பிப் பார்த்தவனுக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்திருக்கும். மண் கலை எதைச் சாதிக்க முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம். பார்ப்பவனைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தாமல், குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற கலை இது.

மன்னார் வளைகுடாவில்

அமெரிக்காவையும் லண்டனையும் பேசிவிட்டு ஊர்க் கணக்கை மறந்துவிடக் கூடாது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் உண்டு. அவற்றைச் சுற்றிப் பவளப் பார்கள். அந்தப் பக்கத்து ஜனங்கள் பவளக் கல்லை முருகைக்கல் என்பார்கள். வீடு கட்ட அதுதான் கல். பூசுவதற்குச் சுண்ணாம்பும் அதுதான். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிந்த கோயில் சுவர்களில் அந்தக் கற்களை இன்றும் காணலாம்.

வீட்டுக்கு எடுத்தவரை கடல் தாங்கிக்கொண்டது. தொழிலுக்கு எடுக்கத் தொடங்கியபோது தாங்கவில்லை. வள்ளம் வள்ளமாகப் பெயர்த்து வந்து காளவாயில் போட்டு நீற்றினார்கள். பவளம் சுண்ணாம்பாயிற்று. 1986-இல் இப்பகுதி கடல் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளத்துக்குப் புலிக்கும் யானைக்கும் உள்ள அதே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனாலும் வெட்டுவது 2005 வாக்கில்தான் நின்றது. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்கடியில் போய்விட்டன. அலையைத் தடுத்து நின்ற பாரை அப்புறப்படுத்தினால் தீவு எப்படி நிற்கும்? தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் தேய்ந்துகொண்டே வந்தது. 2015 முதல் கான்கிரீட் கட்டைகளைக் கடலில் இறக்கி அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

பவளத்தைச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கினது ஒரு காலம். மண்ணைச் சூளையில் போட்டுப் பவளமாக்குவது இந்தக் காலம். இரண்டுக்கும் நடுவே போனவை திரும்பி வரவில்லை. மாட்டிசனின் வெள்ளை மண்ணைப் பார்த்துக் கண் கலங்குகிறவர்கள், இந்த இரண்டு தீவுகளின் பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கடலுக்குத் திரும்பிய மண்

அப்படியானால் இந்தக் கலை வேண்டுமா, வேண்டாமா? வேண்டும். ஆனால் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வர வேண்டும்.

முதலாவது, எவ்வளவு? ஒரு சிற்பம் சொல்லக்கூடியதைப் பத்துச் சிற்பம் சொல்ல வேண்டியதில்லை. குறைத்துக்கொள்ளச் சொல்லும் கலை முதலில் தன்னைக் குறைத்துக்கொள்ளட்டும். சுடாத மண்ணிலும் சிற்பம் செய்யலாம். காட்சி முடிந்ததும் கரைத்து மறுபடி பிசையலாம். வருஷா வருஷம் களிமண்ணில் பிள்ளையார் பிடித்து, பூஜை முடிந்ததும் தண்ணீரில் விடும் ஜனங்களுக்கு இது புதிய பாடம் அல்ல. அந்தப் பிள்ளையாருக்கு ரசாயன வர்ணம் பூசியதுதான் புதிது.

இரண்டாவது, எங்கே? பளிங்குக் கூடத்தில் தொங்கும் மண் பவளத்தைப் பளிங்குக் கூடத்துக்காரர்தான் பார்ப்பார். வலைஞர் குடியிருப்பிலுள்ள பள்ளிக்கூடத்தில், பஸ் நிலையத்தில், சந்தையில் அதை யாராவது வைக்க வேண்டும்.

மூன்றாவது, பிறகு? பார்த்து முடித்தவனுக்குச் செய்ய ஒரு காரியம் இருக்க வேண்டும்.

இந்த மூன்றாவது கேள்விக்கு ஹாங்காங்கில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அங்குள்ள பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர்களும் கடல் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, மூளைப் பவளத்தைப் போல் மடிப்புகள் கொண்ட ஓடுகளைக் களிமண்ணில் செய்து சுட்டார்கள். 2020-இல் ஹோய் ஹா வான் என்ற கடல் பூங்காவில் 128 ஓடுகளை இறக்கினார்கள். மொத்தம் 40 சதுர மீட்டர் பரப்பு. ஒரு சிறிய வீட்டின் கூடத்தளவு. அந்த ஓடுகளின் மேல் உயிருள்ள பவளத் துண்டுகளை நட்டார்கள். மடிப்புகளில் மணல் தங்காது. இடுக்குகளில் சின்ன உயிர்கள் ஒளிந்துகொள்ளலாம். இங்கே மண் பவளத்தைப் போல் நடிக்கவில்லை, பவளத்துக்கு வீடாகிறது.

இதனால் கடல் குளிர்ந்துவிடாது. கரி எரிவது குறையாதவரை எந்த ஓடும் எந்தச் சிற்பமும் பவளத்தைக் காப்பாற்றிவிட முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சிற்பியால் முடிந்தது பார்க்க வைப்பது. பார்த்த பிறகு எரிபொருளைப் பற்றியும் ஆலையைப் பற்றியும் கடைவீதியைப் பற்றியும் முடிவு செய்ய வேண்டியவர்கள், சர்க்காரும் வாங்குகிற ஜனங்களும்தான். அந்தப் பொறுப்பைக் கலைஞரின் தலையில் கட்டிவிட்டுக் கை தட்டிப் போவது சுலபமான தப்பித்தல்.

சுட்ட மண் ஆயிரமாயிரம் வருஷம் நிற்கும். ஆதிச்சநல்லூரில் தாழியாக நின்றது. ரோமில் குன்றாக நிற்கிறது. அந்த வெள்ளைப் பவளங்களும் நிற்கும். நாளைக்கு வரும் சந்ததியார் அவற்றை எடுத்துப் பார்த்து, 'முன்னோர் கடலில் இருந்ததை எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள்!' என்று கடலுக்குள் ஒப்பிட்டு மகிழப் போகிறார்களா? அல்லது, 'இப்படி ஒன்று இருந்ததாமே!' என்று பெருமூச்சு விடப் போகிறார்களா?

இரண்டில் எது என்பது சூளைக்குத் தெரியாது. அதை முடிவு செய்ய வேண்டியது, கையில் ஒரு குருவியோடு கூடத்தை விட்டு வெளியே வந்து நிற்கிற மனிதன்.